நான் போட்ட நாற்பது எம்.பி.

சென்ற மாதம் எங்கள் பழைய சர்வீஸ் கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில், எனக்குப் பல வருடங்கள் கழித்து வேலைக்குச் சேர்ந்த ஒருவர் கேட்டிருந்தார். "அந்தக் காலத்துல விர்ச்சுவல் மெமரியக்கூட நீங்களே கையால செட் பண்ணுவீங்களாமே, நெஜமாவா மேடம்? அதப் பத்தி எழுதுங்களேன்."

இப்போது கணினிகள் அந்த வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. எழுத உட்கார்ந்ததும் எனக்கு முதலில் தோன்றியது நிர்மலாவின் முகம்தான். அவள்மீது எனக்கிருந்த பொறாமையை விட்டுவிட்டு அந்த வேலையைப் பற்றி மட்டும் சொல்ல எனக்கு வராது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தரமணியில் மூன்று வருடம் டிப்ளமோ, பிறகு ஒரு வருடம் கெட்டுப்போன மானிட்டர்களோடு போராட்டம். இவ்வளவுதான் என் படிப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தி.நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவின் மாடியில் இருந்த கணினி சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். எட்டு என்ஜினியர்கள். ஏழு பேர் ஆண்கள். வாடிக்கையாளர் வீட்டிலோ கடையிலோ போய் நின்றால் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "என்ஜினியர் வரலியாம்மா?" என்பார்கள். கால் மணி நேரம் கழித்து அதே ஆள் எனக்குக் காபி கொடுத்து "மேடம்" என்பார். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்வேன்.

எங்கள் மேனேஜர் தேசிகன் சார். மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் துடைக்க நமக்கு வியர்க்கும். நாங்கள் கொண்டுவரும் சர்வீஸ் சீட்டைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். "நீ என்ன பண்ணினேங்கறதை முதல்ல பார்க்கணும். அவா என்ன சொன்னாங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். அவருடைய முதல் விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளர் கணினிக்கும் அலுவலகத்தில் ஒரு நோட்டு. எந்த அமைப்பை மாற்றினாலும் அதில் எழுத வேண்டும்.

"தொடறதுக்கு முன்னாடி என்ன இருந்ததுன்னு எழுதிண்டு, அப்புறம் தொடு. நாளைக்கு நீயே போகமாட்டே. வேற யாராவது போவா. அவாளுக்குத் தெரிய வேண்டாமா?"

விண்டோஸ் 95 வந்த புதிது. பதினாறு எம்.பி. ராம் இருந்தாலே பெரிய விஷயம். அது போதாதபோது ஹார்ட் டிஸ்கில் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அதையும் ராம் போலவே கணினி பயன்படுத்தும். அதுதான் விர்ச்சுவல் மெமரி. அந்த இடம் உண்மையில் ஒரு ஃபைல். தேவைக்கேற்ப வளரும், சுருங்கும். அப்படி வளர்ந்து சுருங்கும்போது டிஸ்க் கரகரவென்று ஓடி, இருந்த வேகமும் போய்விடும். ஒரு புத்தகத்தைப் பார்த்து நான் ஒரு வழி கற்று வைத்திருந்தேன். அந்த ஃபைலுக்கு வளரவும் சுருங்கவும் இடம் கொடுக்காமல், குறைந்தபட்சம் நாற்பது எம்.பி., அதிகபட்சமும் நாற்பது எம்.பி. என்று அளவைக் கட்டிப்போட்டுவிடுவேன். கணினி சட்டென்று வேகம் பிடிக்கும். இந்த அளவை மாற்றும் பெட்டியைத் திரையில் திறந்தால், தேர்ந்தவர்கள் மட்டுமே இதைத் தொடலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம், யாரோ என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் எனக்குள் ஒரு பெருமை.

தேசிகன் சாரே ஒருமுறை எல்லோர் முன்னாலும், "வசந்தா போட்ட மெஷின் தனியாத் தெரியறது" என்றார். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அப்புறம் நிர்மலா வந்தாள்.

என்னைவிட மூன்று வயது சின்னவள். வடபழனியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். டிப்ளமோ கிடையாது. மதர்போர்டில் எது எது என்று எங்கள் அலுவலகத்தில்தான் கற்றுக்கொண்டாள். ஆனால் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாடிக்கையாளரிடம் போனால் உடனே கணினியைத் தொடமாட்டாள். "நீங்க எப்பவும் பண்ற மாதிரி பண்ணுங்க, நான் பார்க்கறேன்" என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் அரைமணியில் முடிக்கும் இடத்தில் அவள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவள் போய்வந்த இடத்திலிருந்து மறுபடி போன் வராது.

ஆறே மாதத்தில் போன் எடுத்தால், "அந்தப் பொறுமையான மேடம் இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பொறுமையான மேடம் நான் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அலுவலகத்துக்கு ஒரே ஒரு பேஜர் இருந்தது. அவசர அழைப்புக்காக மூத்த என்ஜினியர் இடுப்பில் மாட்டிக்கொள்வது. இரண்டு வருடமாக என் இடுப்பில்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை தேசிகன் சார், "இனிமே ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நிர்மலா. உனக்கும் கொஞ்சம் ஓய்வு" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் பேஜரைக் கழற்றி அவள் மேஜையில் வைத்தேன். "தேங்க்ஸ்க்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

அதே வாரம் மதிய இடைவேளையில் அவள் பழைய நோட்டுகளைப் புரட்டிப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என் கையெழுத்துள்ள பக்கங்களை. அன்றிலிருந்து நான் நாற்பது போடுவதை நோட்டில் எழுதுவதை நிறுத்தினேன். என் வித்தையை அவள் உட்கார்ந்த இடத்திலேயே கற்றுக்கொள்வதா? 'விண்டோஸ் 95 போடப்பட்டது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு மூடிவிடுவேன்.

அப்படி ஒரு வரியோடு மூடிய நோட்டுகளில் ஒன்று, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையுடையது.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறையில் கணினியை வைத்து, புடவைக்கான பார்டர், முந்தானை டிசைன்களை அங்கேயே வரைய ஏற்பாடு செய்திருந்தார். வரைபவர் ஏழுமலை. முன்பு சினிமாக்காரர்களுக்கு பேனர் வரைந்தவர். பேனர் வேலை குறைந்ததும் நாற்பது வயதுக்கு மேல் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டவர். இருபது அடி முகம் வரைந்த கையால் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் வரைவார்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது புகார் வந்தது. பெரிய முந்தானை டிசைனைத் திறந்து கொஞ்ச நேரம் வேலை செய்தால், 'மெமரி போதவில்லை' என்று சொல்லிவிட்டு புரோகிராம் மூடிக்கொள்கிறது. அது நிர்மலாவின் வாரம். அவள் போனாள். மதியம் அங்கிருந்து எனக்கு போன் செய்தாள்.

"அக்கா, இந்த மெஷின் நீங்க போட்டது. விர்ச்சுவல் மெமரியில ஏதாவது மாத்தினீங்களா? நோட்டுல ஒண்ணும் இல்லியே."

அவள் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நான் கணினியைக் கொடுத்தபோது ஏழுமலை வரைந்தது சின்னச் சின்ன பார்டர்கள். இப்போது முழு முந்தானை. ராமும் நாற்பதும் சேர்ந்தாலும் அதற்குப் போதாது. டிஸ்கில் எவ்வளவோ இடம் காலியாக இருந்தும், நான் போட்ட எல்லையைத் தாண்டி அந்த ஃபைல் வளர முடியாது.

"இல்லியே. ஒண்ணும் தொடல" என்றேன்.

"அப்ப சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. அவள் பார்க்கவில்லை. நான் சொன்னதை நம்பினாள்.

மறுநாள் அவள் விண்டோஸையே பழையதன் மேல் மறுபடி போட்டாள். அப்படிப் போட்டால் பழைய அமைப்புகள் அப்படியே தங்கிவிடும். நாற்பதும் தங்கிவிடும். எனக்கு அது தெரியும். டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே, அவள் மற்றவர்களிடம் விண்டோஸைத் திரும்பப் போட்டிருப்பதாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஏழுமலை டிசைனைச் சேமித்துக்கொண்டிருக்கும்போதே புரோகிராம் செத்தது. ஃபைல் பாழாகிவிட்டது. பதினொரு நாள் வேலை. அதற்கு முன் எடுத்த பிரதி ஒன்று ஃபிளாப்பியில் இருந்தது, அதில் பாதி முந்தானைதான். அண்ணாச்சி தேசிகன் சாரிடம் போனில் சத்தம் போட்டது எங்கள் மேஜை வரை கேட்டது. நிர்மலா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. குளிர்ந்தது.

நான்காம் நாள் காலையிலேயே போய் ஏழுமலையின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் வரைந்துகொண்டிருக்க, இவள் கால் மணிக்கு ஒருமுறை அந்த விர்ச்சுவல் மெமரி ஃபைலின் அளவைப் பார்த்து ஒரு தாளில் குறித்தாள். ஒரே எண். மறுபடி அதே எண். கீழே பில் போடும் கணினியில் போய்ப் பார்த்தாள். அங்கே அந்த ஃபைல் ஏறுகிறது, இறங்குகிறது. "இது மட்டும் ஏன் அசையவே மாட்டேங்குது?" என்று ஏழுமலையிடம் கேட்டிருக்கிறாள். பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். நாற்பது, நாற்பது.

எனக்குப் புத்தகம் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

சாயங்காலம் சீட்டோடு வந்தாள். தேசிகன் சார் வழக்கம்போல் கீழிருந்து படித்தார்.

"எல்லை போட்டிருந்ததா? யார் போட்டது?"

"நோட்டுல எழுதல சார்" என்றாள் நிர்மலா. என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"வசந்தா, அந்த மெஷினுக்கு விண்டோஸ் போட்டது நீதானே?"

"ஆமா சார். ஆனா இதை நான் போடல."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அத்தனை வருடத்தில் நான் அவரிடம் பொய் சொன்னதில்லை, ஆகவே நம்பினார். அங்கேயே அண்ணாச்சிக்கு போன் போட்டு, "உங்க ஆள் யாரோ செட்டிங்ஸ்ல கை வெச்சிருக்கா. இப்போ சரியாயிடுத்து. இனிமே யாரும் தொடாமப் பார்த்துக்கோங்கோ" என்றார்.

அந்தக் கணினியில் உட்காருகிற ஆள் ஒருவர்தான் என்பது எங்கள் மூன்று பேருக்குமே உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து நிர்மலா மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"ஏழுமலைய வேலைக்கு வரவேணாம்னு சொல்லிட்டாங்க. அவர்தான் நோண்டிக் கெடுத்தாராம்."

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினேன்.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கலாம். நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். இப்ப நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமாக்கா?"

அப்போதும் "அக்கா" என்றாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு அது சுலபம்.

நேராகக் கடைக்குப் போனேன். முகூர்த்தக் கூட்டம். அண்ணாச்சி கல்லாவுக்குப் பின்னால் நின்று யாருக்கோ பட்டுப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "அண்ணாச்சி, ஏழுமலை எதையும் தொடல. அந்த எல்லையைப் போட்டது நான்" என்றேன்.

கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தார்.

"என்னம்மா சொல்லுதிய? அந்த மேனேசரு ஐயா இங்க உள்ளவன்தான் கைய வச்சிருக்காம்னுல்லா சொன்னாவ?"

"அவர்கிட்ட நான் பொய் சொன்னேன்."

பட்டு வாங்க வந்த குடும்பம் முழுதும் என்னையே பார்த்தது. அண்ணாச்சி கீழே வைத்த புடவையை மடித்து ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "பதினோரு நாளு அந்த மனுசன் கண்ணு வலிக்க வரஞ்சது. அவன வேற நான் நாக்கப் புடுங்குத மாதிரி கேட்டுட்டேன். நீங்க படிச்சவிய, எங்கிட்ட வந்து சொல்லிட்டிய. அவன்கிட்டயும் போயி சொல்லுங்க" என்றார்.

வடபழனி டெப்போவுக்குப் பின்னால் ஏழுமலையின் வீடு. என்னைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். சொன்னேன். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். அவர் யோசனையாக ஒன்று கேட்டார்.

"அந்த நாப்பது இன்னாத்துக்கு மேடம் போட்டீங்க?"

"வேகமா ஓடறதுக்கு."

"நல்லதுக்குத்தான போட்டுக்கீறீங்க? அத்த சொல்றதுக்கு இன்னா மேடம்? நான் ரெண்டு நாளா, எங்கயோ நம்ம கைதான் பட்டுட்ச்சி போலன்னு நெனச்சிக்கினு கீறேன். எந்த பட்டன்னு யோசிச்சி யோசிச்சி தூக்கமே இல்ல."

வேலை போனதைவிட அதுதான் அவரை அரித்திருக்கிறது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மறுநாள் அவர் வேலைக்குத் திரும்பினார். தீபாவளிக்கு அந்த முந்தானை வந்தது. பதினொரு நாள் வேலையை நினைவிலிருந்தே ஆறு நாளில் மறுபடி வரைந்தாராம்.

தேசிகன் சாரிடம் நானே போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அந்தக் கடையின் நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அன்னிக்கு எழுதாததை இன்னிக்கு எழுது. இன்னித் தேதியே போடு. ஏன் எழுதலைங்கறதையும் எழுது."

"ஏன் எழுதலைன்னு... என்ன சார் எழுதறது?"

"அது உனக்குத்தான் தெரியும்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'வேறொருவர் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காக' என்று எழுதினேன். அவர் படித்தார், நோட்டை மூடி இடத்தில் வைத்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் அந்த நோட்டு மற்ற நோட்டுகளோடு அலமாரியிலேயே இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

அடுத்த வருடம் அடையாறில் கிளை திறந்தபோது நிர்மலாவைப் பொறுப்பாகப் போட்டார். என்னை அவளுக்குக் கீழே. அவளுடைய முதல் வேலை, நான் நாற்பது போட்ட கணினிகளையெல்லாம் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றையும் விண்டோஸின் பொறுப்புக்கே மாற்றிவிடச் சொன்னது. பட்டியலை நான்தான் கொடுத்தேன். நான்தான் இடம் இடமாகப் போய் மாற்றினேன். நான் போட்ட ஒவ்வொரு கோலத்தையும் நானே காலால் அழிப்பதுபோல் இருந்தது.

பட்டியலில் கடைசியாக மயிலாப்பூரில் ஒரு வீடு. வீணை சொல்லிக் கொடுக்கும் ஒரு மாமி. வெளிநாட்டு மாணவிகளுக்காகப் பாடங்களைக் கணினியில் வாசித்துப் பதிவு செய்து சி.டி. போட்டு அனுப்புவார். அங்கேயும் மாற்றிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் போன் வந்தது. இந்தத் தடவை நிர்மலாவும் கூட வந்தாள்.

"நான் வாசிச்சிண்டே இருக்கேன், நடுவுல ஒரு ஸ்வரத்தை முழுங்கிடறதும்மா" என்றார் மாமி. "போன வாரம் வரைக்கும் நன்னாத்தானே இருந்தது?"

நிர்மலா நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாமியை வாசிக்கச் சொன்னாள். வர்ணம் பாதி போகும்போது ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடியது. திரும்பப் போட்டுக் கேட்டால், சரியாக அந்த இடத்தில் ஒரு வெட்டு. பதிவு நடக்கும்போதே விர்ச்சுவல் மெமரி ஃபைல் வளர்ந்திருக்கிறது. டிஸ்க் அந்தப் பக்கம் போன நேரத்தில் ஸ்வரம் தவறிப்போயிருக்கிறது. எனக்கு முதல் தடவை கேட்டபோதே தெரியும். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மாற்றச் சொன்னது அவள். அவளே கண்டுபிடிக்கட்டும் என்று சும்மா நின்றேன். அத்தனைக்குப் பிறகும் நான் அப்படித்தான் நின்றேன்.

அவளுக்கு இருபது நிமிடம் ஆனது. பெட்டியைத் திறந்து நாற்பது, நாற்பது என்று அடித்தாள். மாமி மறுபடி வாசித்தார். வெட்டு இல்லை.

"இந்த மெஷினுக்கு அக்கா போட்டதுதான் மாமி சரி. நான்தான் அவசரப்பட்டு மாத்தச் சொல்லிட்டேன்" என்றாள்.

என்னை வைத்துக்கொண்டே சொன்னாள். கொஞ்சமும் தயங்காமல், தண்ணீர் கேட்பதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். மூன்று பேர் வாழ்க்கையைக் கலைத்துவிட்டு நான் திணறித் திணறிச் சொன்ன ஒரு வாக்கியம் அது. 'நான்தான்.'

வெளியே வந்தோம். நன்றி சொல்லியிருக்கலாம். "பரவாயில்ல நிர்மலா" என்றாவது சொல்லியிருக்கலாம். லஸ் முனை வரை இரண்டு பேரும் நடந்தோம். அடையாறு பஸ் நல்ல கூட்டமாக வந்தது. ஏறினோம். ஏறியதுமே யாரோ இறங்க எழுந்தார்கள். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.